விடுமுறை பிள்ளைகளுக்கு மட்டுந்தானா? நூலகமும் நம் பெரியவர்களும்



நீண்ட விடுமுறை நெருங்கும்போது தமிழ்ப்பள்ளிகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். வாசிப்பு முகாம், கதை சொல்லும் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி, நன்னெறிப் பயிலரங்கு என்று பட்டியல் நீளும். சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய பட்டியல் ஒன்றைப் பெற்றோர் கூட்டத்தில் நான் வாசித்து முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார்.

"டீச்சர், லீவு வந்தா எல்லாம் புள்ளைங்களுக்கு மட்டுந்தானா? எங்களுக்கு ஒன்னும் இல்லையா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். அவருடைய மகனின் பதிவுப் புத்தகத்தில் அந்த ஆண்டு மூன்று முறை குறிப்பு எழுதியிருந்தேன். மூன்றின் கீழும் கையொப்பம் இருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை. "படித்துவிட்டும் அலட்சியமாக இருக்கிறீர்களே" என்று தொலைபேசியில் ஒருமுறை கடிந்தும் இருந்தேன். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்க எழுதினத நான் படிக்கல டீச்சர். கையெழுத்து மட்டுந்தான் போடுவேன். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது." தோட்டப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு நின்றவர். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லையாம்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளையை அழைத்து வருபவருக்கும் கல்வி தேவைப்படலாம் என்பது என் பாடக்குறிப்புகளில் இருந்ததில்லை. அந்தத் தாயாரின் கேள்வியை இதற்கு முன் யாரேனும் கேட்டிருக்கிறார்களா, பதில் தேடியிருக்கிறார்களா என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததன் சுருக்கமே இப்பதிவு.

கோடையும் படிப்பும்

மேலை நாட்டு நூலகங்களில் கோடைக்காலம் வந்தால் பெரியவர்களுக்கெனத் தனி நிகழ்ச்சிகள் நடைபெறுவது வழக்கம். வாசகர் வட்டம், சொற்பொழிவு, கைவினை, இசை எனப் பலவும் உண்டு. இவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் சட்டாக்குவா ஏரிக்கரையில் இருக்கிறது. 1874-ஆம் ஆண்டுக் கோடையில் ஜான் வின்சென்ட் என்ற சமயப் பணியாளரும் லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் அங்கே ஒரு முகாம் நடத்தினர். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதே அதன் நோக்கம். ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய முகாம் விரைவில் எல்லாருக்கும் உரியதாயிற்று. 1878-இல் அங்கே பெரியவர்களுக்கான வாசக வட்டம் ஒன்றை வின்சென்ட் ஏற்படுத்தினார். நான்கு ஆண்டுகள், குறித்த நூல்களை வீட்டிலிருந்தே படித்து முடிக்க வேண்டும். கல்லூரியை எட்டிப் பார்க்காத குடும்பப் பெண்களும் சிற்றூர் மக்களும் ஆங்காங்கே சிறு குழுக்களாகக் கூடிப் படித்தனர்.

இங்கிலாந்தில் அதற்கும் முன்னரே தொழிலாளர்களுக்கென மாலை நேரக் கல்விக்கூடங்கள் தோன்றியிருந்தன. இலண்டனில் ஜார்ஜ் பர்க்பெக் முன்னின்று அத்தகைய கழகம் ஒன்றை 1823-இல் அமைத்தார். வரிப்பணத்தில் பொது நூலகம் நடத்த நகராட்சிகளுக்கு இடமளித்த சட்டம் 1850-இல் வந்தது.

நம் பினாங்கிலோ கோடை என்றொரு பருவமே இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறிமாறி வரும். நமக்கு வாய்த்தது பள்ளி விடுமுறைதான். எனவே "கோடை நிகழ்ச்சி" என்பதை "விடுமுறை நிகழ்ச்சி" என்று மாற்றிக்கொண்டு மேலே செல்வோம்.

1816-உம் 1817-உம்

மலேசியத் தமிழாசிரியர்கள் மறக்காத நாள் 21 அக்டோபர் 1816. பாதிரியார் ஹட்சிங்ஸ் அன்று பினாங்கு ஃப்ரீ பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியோடு இணைந்த தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இருநூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1817-இல், இதே ஜார்ஜ்டவுனில் பினாங்கு நூலகம் தோன்றியது. இதைக் கொண்டாடியவர் நம்மில் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. அது சந்தா கட்டியவர்களுக்கான நூலகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் நூல்களைப் படிப்பதற்கான இடம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழருக்கும், சாலை போட்ட தமிழருக்கும், அதன் வாசற்படி தூரத்திலேயே இருந்தது. பிள்ளைக்குப் பள்ளி கிடைத்த ஊரில் தகப்பனுக்கு நூலகம் கிடைக்கவில்லை.

அதற்காக நம்மவர் எழுத்தைத் தேடாமல் இருந்துவிடவில்லை. 1883-இல் நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் இதே பினாங்கில் "வித்தியா விசாரிணி" என்ற தமிழ் இதழை நடத்தினார். இதழ் ஒன்று இருந்தது என்றால் அதை வாங்கிப் படித்தவர்களும், ஒருவர் வாசிக்கக் கேட்டவர்களும் இருந்திருக்க வேண்டும்.

பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்பள்ளிகளின் தரத்தைப் பற்றிப் பல குறைகள் சொல்லலாம். ஆயினும் பிள்ளைக்கென்று ஒரு சட்டமாவது இருந்தது. பால்மரம் வெட்டிய பெரியவர்களின் படிப்பைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை.

கணக்காசிரியர் ஒருவர் நூலகரான கதை

இந்த இடத்தில் நம் மொழிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீர்காழி இரா. அரங்கநாதன் என்ற எஸ். ஆர். அரங்கநாதன், இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவரும் நம்மைப் போல் ஆசிரியர்தான். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். ஆள் நடமாட்டம் குறைந்த அந்த நூலகத்தில் தனியே உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. பழைய கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்து சென்று வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

இங்கிலாந்தில் அவர் கண்டதே அவரை மாற்றியது. அங்குள்ள பொது நூலகங்களுக்கு அறிஞர்கள் மட்டும் வரவில்லை; தொழிலாளர்களும் பெண்களும் சிறுவர்களும் வந்தனர். ஊர் மக்கள் இயல்பாக வந்து போகும் இடமாக நூலகம் இருந்தது. 1925-இல் சென்னை திரும்பிய பின் அவர் கணிதம் கற்பிக்கும் பணிக்குத் திரும்பவே இல்லை.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில், திரளான ஆசிரியர்கள் முன்னிலையில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் பற்றி அவர் உரையாற்றினார். அது 1931-இல் நூலாக வந்து உலகப் புகழ் பெற்றது. 1929-இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியபோது, அது ஒரு கோடைப் பள்ளியாகவே தொடங்கிற்று. சட்டாக்குவாவில் ஆசிரியர்களுக்காக ஒரு கோடை முகாம். சென்னையில் ஒரு கோடைப் பள்ளி. விடுமுறையைப் பெரியவர்களின் படிப்புக்குப் பயன்படுத்தும் எண்ணம் தமிழ்நாட்டுக்கும் புதியதன்று.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

படிக்கத் தெரியாதவர்களை நூலகத்திற்கு எப்படி அழைப்பது? பரோடா சமஸ்தானத்தில் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1910-இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை வரவழைத்து, சமஸ்தானம் முழுவதற்குமான நூலக அமைப்பை உருவாக்கினார். நூல் பெட்டிகள் ஊர் ஊராகச் சென்றன. எழுத்தறியாதவர்களுக்காக விளக்கொளிப் படங்களும் பின்னர் திரைப்படங்களும் காட்டப்பட்டன. கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் அறிவைப் பெறலாம்; எழுத்து பிறகு வரட்டும் என்பது அவர்களது அணுகுமுறை.

தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வேறொரு வழி கண்டார். நூல்களை அடுக்குவதற்கேற்ப மாட்டு வண்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கிவைக்க அரங்கநாதன் வந்திருந்தார். அந்த நாள் 21 அக்டோபர் 1931. பினாங்கு ஃப்ரீ பள்ளி தொடங்கிய அதே தேதி, சரியாக 115 ஆண்டுகள் கழித்து! தற்செயல்தான், ஆனாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான எனக்கு அந்தத் தேதி இரட்டிப்பாக நினைவில் நின்றுவிட்டது.

வண்டி கிராமத்துக்குள் வந்தது. உழுதுவிட்டு வந்தவர் உடை மாற்றிக்கொண்டு நகரத்திற்குப் போக வேண்டியதில்லை. இந்தச் சிறு வேறுபாடுதான் பெரிய வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. அதன் பின்னணியில் இருபது ஆண்டு உழைப்பு இருந்தது.

யாழ்ப்பாணத்து வாடகை அறை

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றவுடன் நமக்கு 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்துத் தீ நினைவுக்கு வரும். ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அதை மறக்க முடியாது. ஆனால் அந்நூலகம் தொடங்கிய விதத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களை வைத்து அக்கம்பக்கத்தாருக்குப் படிக்கக் கொடுத்தார். ஊரார் சிலர் கூடினர். 1934-இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 நூல்களோடு நூலகம் திறக்கப்பட்டது. பின்னாளில் எழுந்த அழகிய கட்டடம் 1959-இல் திறப்புவிழாக் கண்டது. அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் நம் அரங்கநாதனும் ஒருவர்.

ஆசியாவின் சிறந்த நூலகங்களுள் ஒன்றாகப் பேசப்பட்ட நிலையம் ஒரு தனிமனிதரின் வீட்டில் பிறந்தது. பெரிய கட்டடம் இல்லையே என்று காத்திருப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நம் தோட்டங்களில்

என் தாத்தா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாட்டு நடப்பை நன்கு அறிந்திருந்தார். மாலையில் லயத்து வீட்டு வாசலில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பாராம். மற்றவர்கள் வெற்றிலை மென்றபடி கேட்பார்களாம். வாசித்தவர் நடுவில் நிறுத்தினால், "மேல படிங்கண்ணே" என்று குரல்கள் எழுமாம். 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் முரசும் இவ்வாறுதான் தங்களை வாங்கியவர்களைக் காட்டிலும் பன்மடங்கு மக்களைச் சென்றடைந்தன.

நாளிதழ்கள் செய்தியோடு நின்றுவிடவில்லை. 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் "கதை வகுப்பு" நடத்தினார்கள். வேலைக்குப் போய்வந்த பெரியவர்களும் இளைஞர்களும் அஞ்சல்வழி அதில் பயின்றனர். மலேசியச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் அந்த வகுப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கட்டடமோ நாற்காலியோ இல்லாமல், ஒரு நாளிதழின் பக்கத்தில் நடந்த வகுப்பு அது. தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது நம் தலைமுறை கண்ட இழப்பு.

பினாங்கில், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி பொது நூலகக் கழகம் அமைந்தது. 1817-இல் சந்தாக்காரர்களுக்கு மட்டும் திறந்த கதவு, எல்லாருக்குமான பொது நூலகமாக ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2016-இல் மஸ்ஜிட் நெகிரி சாலையில் மின்னியல் நூலகமும் வந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் என்னிடம் பேசிய அந்தத் தாயார் அதற்குள் ஒருமுறையும் நுழைந்ததில்லை. "அது படிச்சவங்க போற எடம் டீச்சர்" என்றார்.

புதுக்கோட்டையின் மிதிவண்டி

இதற்கு ஒரு பதிலைப் புதுக்கோட்டையில் கண்டேன். 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பாடல்களும் வீதி நாடகங்களும் ஊர் ஊராகச் சென்றன. கல்லுடைக்கும் தொழிலில் இருந்த பெண்கள் உட்படப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டியில் ஏறினார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் எவரையும் எதிர்பார்க்காமல் போகத் தொடங்கினார்கள்.

மிதிவண்டிக்கும் அகரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். "என்னால் கற்றுக்கொள்ள முடியும்" என்ற எண்ணம் முதலில் வர வேண்டும். நாற்பது வயதில் விழுந்து எழுந்து மிதிவண்டி பழகியவளுக்கு, எழுத்து பெரிய மலையாகத் தோன்றாது.

எங்கள் பள்ளியில் நடந்தது

இவ்வளவும் படித்த பின் சும்மா இருக்க முடியவில்லை. தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஆண்டிறுதி விடுமுறையில் சனிக்கிழமை மாலைகளில் பள்ளி வள மையத்தைப் பெற்றோருக்குத் திறந்தேன். முதல் வாரம் பதினொருவர் வந்தனர். உயிரெழுத்து அட்டையை மாட்டி, முதலாம் ஆண்டுப் பாடநூலை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் நால்வர். மூன்றாம் வாரம் அந்தத் தாயாரும் அவருடைய நாத்தனாரும் மட்டும் வந்தனர்.

படித்த வரலாற்றையெல்லாம் மறந்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நடத்தியிருக்கிறேன். நாற்காலிகள்கூட ஏழு வயதுப் பிள்ளைகளுக்கானவை. முழங்கால் மேசையில் இடித்தது. "ஒன்னாம் வகுப்பு புஸ்தகத்த வச்சிக்கிட்டு உக்காந்தா, எம்புள்ளயே சிரிக்கிறான் டீச்சர்" என்றார் அவர்.

நான்காம் வாரம் இடத்தைச் சிற்றுண்டிச்சாலைக்கு மாற்றினேன். பாடநூலை விட்டுவிட்டு அன்றைய நாளிதழை எடுத்துச் சென்று உரக்க வாசித்தேன், தாத்தாவின் லயத்து வாசலில் வாசித்தவரைப் போல. "தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க டீச்சர்" என்று நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான் முதலில் கேட்டார்கள். வாசித்துக்கொண்டே வருகையில் அந்தத் தாயார் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். அவர் பிறந்த தோட்டத்துப் பாட்டி. படத்தின் கீழிருந்த பெயரைத் தாமே கூட்டிப் படிக்க முயன்றார். பெயர் ஏற்கெனவே தெரியும். எழுத்து அதற்குப் பின்னால் மெல்ல வந்தது.

அடுத்த வாரம் அவர்களை அதிரசம் செய்யும் முறையைச் சொல்லச் சொல்லி, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பெரிய தாளில் எழுதினேன். பச்சரிசி, வெல்லம், ஏலக்காய். பாகு பதம் பற்றி ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. பிறகு அந்தத் தாளை அவர்களே படித்தார்கள். தம் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். அன்று ஒன்பது பேர் இருந்தனர். செய்தி எப்படியோ பரவியிருந்தது. அடுத்த விடுமுறையிலும் தொடர்ந்தோம். ஒருமுறை எல்லாரும் சேர்ந்து பொது நூலகத்திற்கும் போய்வந்தோம். தமிழ் நூல்கள் இருந்த அடுக்கின் முன் அவர்கள் நின்று முதுகெழுத்துகளைக் கூட்டிப் படித்ததை நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன்.

பெரிய சாதனை என்று இதைச் சொல்ல மாட்டேன். வந்தவர்களில் பாதிப்பேர் வேலை நேரம் மாறியதால் நின்றுவிட்டார்கள். அந்தத் தாயாரும் இன்றுவரை ஒரு கதைப்புத்தகத்தை முழுதாகப் படித்ததில்லை. ஆனால் பள்ளி திறந்து சில வாரங்களுக்குப் பின் அவருடைய மகனின் பதிவுப் புத்தகத்தில் மீண்டும் ஒரு குறிப்பு எழுத நேர்ந்தது. மறுநாள் திரும்பி வந்தபோது, கையொப்பத்துக்கு மேலே பென்சிலில் ஒரு வரி இருந்தது: "படிச்சேன் டீசர் நாளக்கி வரேன்."

பிழை கண்டால் சிவப்பு மை தேடும் கை இது. அன்று தேடவில்லை. அவர் மறுநாள் வந்தார். மகனைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைப் பட்டியலைத் தயாரிக்கும்போது பெரியவர்களுக்கென்று ஒரு வரி சேருங்கள். ஒரு நாளிதழும் நான்கு பெரிய நாற்காலிகளும் போதும். பக்கத்தில் பொது நூலகம் இருந்தால் அவர்களை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். தமிழ் நூல்களை இரவல் வாங்கச் செய்யுங்கள். எடுக்க ஆள் இருக்கும் அடுக்கைத்தான் எந்த நூலகரும் வளர்ப்பார்.

உங்கள் ஊரிலோ தோட்டத்திலோ முன்பு இரவுப் பள்ளியோ படிப்பகமோ இருந்ததை அறிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த வரலாறும் அவர்களோடு போய்விடும்.